தாடைப் பிடிப்புக்கு நரம்பு பிளாக்: ஊசியைவிட அதற்கப்புறம் வரும் அரைமணி நேரம்தான் விஷயம்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். தாடைத் தசை இறுகி வாய் திறக்காமல் தவிக்கிறவர்களுக்கு நரம்பு பிளாக் என்கிற ஊசி உண்மையிலேயே வேலை செய்கிறது, வேகமாகவும் வேலை செய்கிறது. ஆனால் மருந்தின் ஆட்டம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் உங்கள் தாடையை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கொடுத்த காசுக்குப் பலன் உண்டா இல்லையா என்று தெரியும். ஒரே சிகிச்சையை நான் இரண்டு இடங்களில் எடுத்துக்கொண்டேன். ஒரு இடத்தில் ஊசி போட்டார்கள், பஞ்சை வைத்து அழுத்தினார்கள், "போயிட்டு வாங்க" என்றார்கள். இன்னொரு இடத்தில் ஊசிக்கு முன்னால் அளந்து, பின்னால் அளந்து, நடுவில் தாடையைப் பழக்கினார்கள். மருந்து ஏறக்குறைய ஒன்றுதான். பலன் மட்டும் ஒன்றில்லை.

என் பிரச்சினை என்னவென்றால், கீழ்த்தாடையில் ஞானப்பல்லை எடுத்த பிறகு வாய் திறப்பது குறைந்தது. பல் எடுத்தபின் சில நாள் வாய் இறுகுவது சகஜம், ஒன்றிரண்டு வாரத்தில் தானாக இளகிவிடும் என்றார்கள், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் நடக்கவும் செய்யும். எனக்குத் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் வேறு. காயம் ஆறிவிட்டது, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே சுத்தம், ஆனாலும் கன்னத்தின் பக்கவாட்டில் தசை கல் மாதிரி நின்றது. ஒரு விரலைப் பல்லுக்கு நடுவே நுழைப்பதே பாடு. சாதாரணமாக ஒருவர் தன் சொந்த விரல்கள் மூன்றைச் சேர்த்து முன்பற்களுக்கு இடையே செங்குத்தாக நுழைக்க முடியவேண்டும்; மில்லிமீட்டரில் சொன்னால் 40க்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும், 35க்குக் கீழே இறங்கினால் டாக்டர்கள் அதைக் குறைபாடாக எழுதத் தொடங்குவார்கள். வலி மாத்திரை, தசை தளர்த்தும் மாத்திரை, சூட்டு ஒத்தடம் எல்லாம் வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தின. வாயைத் திறந்துவிடவில்லை. கொட்டாவி வந்தால் பயந்து இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிப் பிடிக்கிற நிலை.

பிளாக் என்றால் என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் இடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. தாடையை மூடுவதும் திறப்பதும் அரைப்பதுமாக வேலை செய்யும் தசைகள் பக்கத்துக்கு நான்கு. கன்னத்தில் கையை வைத்துப் பல்லைக் கடித்தால் புடைக்கிறதே, அது மாசட்டர். நெற்றிப்பொட்டில் புடைப்பது டெம்போராலிஸ். மற்ற இரண்டும், அதாவது டெரிகாய்டு தசைகள், தாடை எலும்புக்கு உட்பக்கம் ஒளிந்திருக்கின்றன. இந்த நான்கும் ஒரே நரம்பிலிருந்துதான் கட்டளை வாங்குகின்றன. மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்புக்கு மூன்று கிளைகள்; மூன்றாவது கிளையான மாண்டிபுலர் நரம்பு மண்டையோட்டின் அடியில் ஒரு நீள்வட்டத் துளை வழியாக இறங்கி, தசைகளுக்கு ஒவ்வொரு கிளையாகப் பிரிகிறது. உதட்டுக்கும் நாக்குக்கும் கீழ்ப்பற்களுக்கும் உணர்வைத் தருவதும் இதே நரம்பின் மற்ற கிளைகள்தான். ஆக, எந்தத் தசை இறுகியிருக்கிறதோ அதற்குப் போகும் கிளையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால் "இறுக்கு" என்கிற செய்தியும் தசைக்குப் போகாது, "வலிக்கிறது" என்கிற செய்தியும் திரும்பி வராது. தசை வேறு வழியில்லாமல் தளரும்.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் எந்தக் கிளை என்பதில் விஷயம் இருக்கிறது. இங்கேதான் போடுகிறவரின் அனுபவம் தெரியும்.

மாசட்டருக்குப் போகும் நரம்பு, தாடை எலும்பின் மேல்விளிம்பில் இருக்கும் ஒரு பள்ளத்தைத் தாண்டித் தசையின் உட்புறத்துக்குள் நுழைகிறது. காதுக்கு முன்னால், கன்ன எலும்பின் வளைவுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க முயன்றால், தாடை மூட்டின் உருண்டை முன்னால் நகர்வது தெரியும். அதற்குச் சற்று முன்னால்தான் அந்தப் பள்ளம். வெளியிலிருந்து, தோல் வழியாகவே, ஊசியை அங்கே கொண்டுபோய் ஒன்றிரண்டு மி.லி. மருந்தை விடுகிறார்கள். வாயைத் திறக்கவே வேண்டாம் என்பதுதான் இதில் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. பொட்டுப் பக்கமும் சேர்ந்து இறுகியிருந்தால் ட்வின் பிளாக் என்று ஒரு முறை இருக்கிறது, 2014-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் எழுதியது, ஒரே ஊசியில் மாசட்டர் நரம்பையும் டெம்போராலிஸின் முன்கிளையையும் பிடித்துவிடுவது. மிக எளிமையான யோசனை, இவ்வளவு தாமதமாக வந்திருக்கிறதே என்று ஆச்சரியம்தான்.

ஆனால் பல் எடுத்த பிறகோ, கீழ்த்தாடைக்குப் போட்ட மரப்பு ஊசிக்குப் பிறகோ வரும் இறுக்கத்தில் பெரும்பாலும் குற்றவாளி உட்பக்கத்து டெரிகாய்டு. ஊசி அந்தத் தசைக்குள் குத்தியோ, உள்ளே லேசாக ரத்தம் கட்டியோ இருக்கும். அதற்கு மாசட்டர் பிளாக் போட்டுப் பயனில்லை. வாய்க்கு உள்ளேயிருந்து போக வேண்டும், ஆனால் வாய்தான் திறக்காதே? இதற்காகவே வாயை மூடிய நிலையிலேயே போடும் முறை ஒன்று உண்டு. 1960-ல் வசிரானி என்பவர் எழுதினார், 1977-ல் அகினோசி என்பவர் அதை மறுபடி எழுதிப் பரவலாக்கினார், இருவர் பெயரையும் சேர்த்து வசிரானி–அகினோசி என்றே சொல்கிறார்கள். கன்னத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மேல் கடைவாய்ப் பற்களின் ஈறு மட்டத்தில், பல்வரிசைக்கு இணையாக ஊசியைத் தாடை எலும்புக்கு உட்புறமாகச் சரித்துக் கொண்டுபோவார்கள், ஏறக்குறைய 25 மி.மீ. ஆழம். 1973-ல் வந்த கோ-கேட்ஸ் முறையும் இதே நரம்பைத்தான் பிடிக்கும், ஆனால் அதற்கு வாயை அகலமாகத் திறக்க வேண்டும், வாய் பூட்டியவனுக்கு அதைச் சொல்வது கிண்டல் மாதிரி. அகினோசி முறையில் ஒரு குறை, ஊசி நுனி எலும்பில் தட்டி "இதுதான் இடம்" என்று சொல்லாது. ஆழத்தைக் கணிப்பால் முடிவு செய்ய வேண்டும், அதனால் சில சமயம் தப்பும். இவை தவிர, கன்ன எலும்புக்குக் கீழே வெளியிலிருந்தே ஆழமாகப் போய் மாண்டிபுலர் நரம்பின் தாய்த்தண்டையே பிடிக்கும் முறையும் உண்டு. அது வலி சிகிச்சை நிபுணர்கள், மயக்க மருந்து நிபுணர்கள் வேலை, அல்ட்ராசவுண்டோ எக்ஸ்ரே திரையோ வைத்துக்கொண்டு செய்வார்கள்.

எனக்கு முதல் இடத்தில் போட்டது மாசட்டர் பிளாக். எங்கே இறுகியிருக்கிறது என்று உள்பக்கம் விரல் விட்டுப் பார்க்கவில்லை, வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்கவும் இல்லை. கன்னம் லேசானது, வலி விட்டது, வீட்டுக்கு வந்தேன், ராத்திரிக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. "ஊசி உங்களுக்குக் கேட்கவில்லை, வேறு பார்க்கலாம்" என்றார்கள். கேட்காமல் இல்லை. கேட்டது, அப்போது யாரும் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது இடத்தில் முதல் பத்து நிமிடமும் ஊசியே கிடையாது. முன்பற்களுக்கு இடையே அளவுகோல் வைத்து நானாகத் திறந்தால் எவ்வளவு, அவர் விரலால் மெதுவாகத் தள்ளினால் இன்னும் எவ்வளவு கூடுகிறது என்று இரண்டு அளவு எழுதிக்கொண்டார். இந்த இரண்டாவது அளவு முக்கியமானது. தள்ளும்போது வலியோடாவது கொஞ்சம் இழுபட்டுக் கொடுத்தால் தசைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சுவரில் முட்டியது போல அப்படியே நின்றால் மூட்டிலோ எலும்பிலோ தடை. பிறகு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது எடுக்கிறேனா, முன்பு மரப்பு ஊசியில் ஏதாவது ஆனதா, எடை என்ன என்று கேட்டார். எடை எதற்கு என்றால், மரப்பு மருந்தான லிடோகெய்னுக்கு உச்சவரம்பு உண்டு, அட்ரினலின் கலக்காததில் கிலோவுக்கு 4.5 மி.கிராம், கலந்ததில் 7 வரை. இந்த பிளாக்குக்குத் தேவையான மருந்து அதில் சின்னப் பங்குதான். ஆனாலும் கேட்டார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஊசி வலிக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. தோலில் நுழையும்போது சாதாரணக் குத்தல். இறுகிய தசை வழியாகப் போகும்போது ஒரு கனத்த, அழுத்துகிற வலி, பல்லுக்கும் காதுக்கும் பரவுகிற மாதிரி, சில நொடி. மருந்தை விடுவதற்கு முன் ஊசியின் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார்கள், பின் மெதுவாகத் தள்ளுகிறார்கள். அந்த இடத்தில் பெரிய தமனி ஒன்றும் சிரைகளின் வலைப்பின்னலும் இருப்பதால் இந்தப் பழக்கத்தை விட்டுவிடக்கூடாது. வேகமாகத் தள்ளுகிறவரிடம் "கொஞ்சம் மெதுவா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஐந்து பத்து நிமிடத்தில் கன்னம் கனம் குறைந்து, பல்லைக் கடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் கடியே ஏறவில்லை. மாசட்டர் பிளாக்கில் உதடு பெரும்பாலும் மரக்காது, ஏனென்றால் அது முக்கியமாகத் தசைக்குப் போகும் நரம்பு. எனக்கு அன்று உட்பக்கத் தசைக்காக அகினோசியும் போட்டார்கள், அதில் கீழுதட்டில் பாதி, நாக்கில் பாதி காணாமல் போனது. இரண்டுக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் "உதடு மரக்கலையே, ஊசி பலிக்கலையோ" என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் மறுபடியும் அளவுகோல். அளவு தெளிவாகக் கூடியிருந்தது. இந்த இடத்தில்தான் பிளாக்கின் உண்மையான மதிப்பு எனக்குப் புரிந்தது, அதை நோய்தீர்க்கும் ஊசி என்பதைவிடக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஊசி என்றே சொல்வேன். ஒரு கதவு திறக்கவில்லை என்றால் உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது தாழ்ப்பாள் விழுந்திருக்கலாம். வெளியே நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். பிளாக் பிடித்திருக்கிற கையைத் தளர்த்துகிறது. அதன்பிறகும் திறக்கவில்லை என்றால் தாழ்ப்பாள் என்று தெரிந்துகொள்ளலாம்: மூட்டின் குருத்தெலும்புத் தட்டு இடம் பெயர்ந்து சிக்கியிருக்கலாம், கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு தசையே நாராகியிருக்கலாம், பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்தோல் தழும்பு போல இறுகியிருக்கலாம், கன்ன எலும்பு உடைந்து உள்வாங்கித் தாடையைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். இவற்றுக்கு எத்தனை ஊசி போட்டாலும் நடக்காது, வழி வேறு. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணர்களும் இதே தந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். தாடை அடிபட்டு வாய் திறக்காத நோயாளிக்கு முதலில் மாண்டிபுலர் பிளாக் போட்டுப் பார்த்து, வாய் திறந்தால் வலியும் பிடிப்பும்தான் காரணம், மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் போட வழி கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிறார்கள். மயக்கம் கொடுத்த பிறகு "ஐயோ திறக்கவில்லையே" என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, அரைமணி நேரம். தசை தளர்ந்திருக்கும்போது பிசியோதெரபிஸ்ட் வந்து தாடையை இழுத்துப் பழக்கினார். கட்டைவிரலை மேல்பற்களிலும் ஆள்காட்டி விரலைக் கீழ்ப்பற்களிலும் வைத்துக் கத்தரிக்கோல் போல் மெதுவாகப் பிரிப்பது, பிடித்திருப்பது, விடுவது. பிறகு பக்கவாட்டில் நகர்த்துவது, முன்னால் தள்ளுவது. கடைசியில் மருத்துவர்கள் நாக்கை அழுத்திப் பார்க்கப் பயன்படுத்தும் மரக்குச்சிகளை அடுக்கி இடையில் வைத்து, தாங்க முடிந்தால் இன்னொன்று. எனக்கு எரிச்சலூட்டிய விஷயம் என்னவென்றால் வலியே இல்லாததால் "இன்னும் தள்ளுங்க" என்று நானே கேட்டேன், அவர் மறுத்துவிட்டார். மரத்துப்போன தசையை அளவுக்கு மீறி இழுத்தால் கிழிந்தாலும் தெரியாது, மருந்து இறங்கியதும் இன்னும் மோசமாக இறுகும் என்றார். நியாயம்தான்.

வீட்டுக்கு ஒரு நிரலும் கொடுத்தார்கள். திறப்புப் பயிற்சிக் கருவிகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் 7-7-7 முறை: ஒரு தடவைக்கு 7 முறை திறப்பது, ஒவ்வொன்றையும் 7 வினாடி பிடிப்பது, இப்படி ஒரு நாளில் 7 தடவை. கருவி வாங்க வேண்டியதில்லை, குச்சி அடுக்கும் போதும் என்றார்கள். இந்தப் பயிற்சியைத்தான் நான் உண்மையான மருந்து என்று சொல்வேன், ஊசி அதைச் செய்யவிடுகிறது, அவ்வளவே. மருந்து இறங்கிய பிறகு இறுக்கம் கொஞ்சம் திரும்பி வந்தது, முழுதாக வரவில்லை, மறுநாள் காலை தாடை அடித்துப்போட்டது போல வலித்தது. லிடோகெய்ன் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம், புபிவக்கெய்ன் என்றால் பல மணி நேரம் நிற்கும். நீளமாக நிற்பதுதானே நல்லது என்று தோன்றும், ஆனால் புபிவக்கெய்ன் தசை நார்களுக்கே நேரடியாகக் கொஞ்சம் தொல்லை தரக்கூடியது, தசைக்குள் திரும்பத் திரும்பப் போடுவதற்கு அது முதல் தேர்வு அல்ல. பிளாக்கை இடைவெளி விட்டுச் சில தடவை போட வேண்டி வரலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், எனக்கும் அப்படித்தான் நடந்தது, ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும் இறுக்கம் முன்னைவிடக் குறைவு.

மருந்து இறங்கிய பின்னும் நன்மை ஏன் நிற்கிறது என்று கேட்டால், வலி பிடிப்பைக் கொடுக்கும், பிடிப்பு வலியைக் கொடுக்கும், அந்த வட்டத்தை உடைத்துவிடுகிறோம் என்பார்கள். சுவரில் மாட்டிய படத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த வட்டக் கதை முழுசாக நிரூபிக்கப்பட்டதல்ல. 1991-லேயே லண்ட் என்பவரும் சக ஆய்வாளர்களும் இதற்கு மாற்றாக வேறொரு விளக்கம் வைத்தார்கள்: வலி இருக்கும்போது உடல் தசையைத் தொடர்ந்து முறுக்குவதில்லை, காயத்தைக் காக்க அசைவையே கட்டுப்படுத்துகிறது, தாடையை மூடும் தசை பலம் குறைந்தும், திறக்கும்போது மட்டும் எதிர்த்துக்கொண்டும் நிற்கிறது என்று. நோயாளிக்கு எந்தக் கொள்கை சரி என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் இரண்டாவது விளக்கம் உண்மையானால் பயமில்லாமல் தாடையை அசைத்துப் பார்த்த அனுபவம்தான் குணமாக்குகிறது, தசையை மரக்கச் செய்தது மட்டும் அல்ல. என் அனுபவம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது.

தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும், விளம்பரம் மாதிரி ஆகிவிடக்கூடாது. மருந்து பக்கத்தில் கசிந்து முகநரம்பைத் தொட்டால் அந்தப் பக்கத்துக் கண் இமை சில மணி நேரம் மூடாது, வாய் ஒரு பக்கம் கோணும். பார்க்கப் பக்கவாதம் மாதிரி இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் பயந்துவிடுவார்கள், ஆனால் மருந்து இறங்கியதும் சரியாகிவிடும். அதுவரை கண்ணை மூடி ஒட்டிப் பாதுகாக்க வேண்டும். எனக்கு ஒரு முறை லேசாக ஆனது. ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக் கன்னம் நீலமாகலாம். கன்னத்தையோ நாக்கையோ தெரியாமல் கடித்துவிடலாம், ஆகவே மரப்பு போகும்வரை எதையும் மெல்லக்கூடாது, சூடாகவும் எதையும் குடிக்கக்கூடாது. அரிதாக மருந்து நேராக ரத்தக்குழாய்க்குள் போனால் வாயைச் சுற்றிக் கூச்சம், நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைச்சுற்றல் வரும், மோசமானால் வலிப்பும் இதயத் தொந்தரவும். இவற்றில் எது தோன்றினாலும் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். பெரிய அளவில் பிளாக் போடும் இடங்களில் இதை முறிக்க 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கைவசம் வைத்திருப்பார்கள், ஆக்சிஜனும் இருக்கும். என் முதல் இடத்தில் இவை இருந்தனவா என்று கேட்டபோது பதில் சரியாக வரவில்லை. தசையைத் தளர்த்தும் போடோக்ஸ் ஊசி, இரவில் போடும் பல் பிளேட் பற்றிப் பேச விரும்பியதும் அதே இடம்தான்.

போடோக்ஸோடு ஒப்பிட்டுக் கேட்கிறவர்கள் நிறைய. அது வேறு கணக்கு. பிளாக் நிமிடங்களில் வேலை செய்து மணிக்கணக்கில் போய்விடும். போடோக்ஸ் வேலை செய்யத் தொடங்கவே சில நாள் ஆகும், முழு பலன் தெரிய இரண்டு வாரம், மூன்று நான்கு மாதம் நிற்கும். பிளாக் தவறாகப் போட்டால் அதன் தொல்லை அன்றைக்கே போய்விடும், போடோக்ஸ் தவறாகப் போட்டால் சிரிப்பு கோணிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாட்பட்ட பல் கடிப்புக்கு அது பொருந்தலாம். ஆனால் முதலில் பிளாக் போட்டுப் பார்த்து, இந்தத் தசையைத் தளர்த்தினால் வாய் திறக்கிறதா என்று உறுதி செய்யாமல் நேரே போடோக்ஸுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரவில் போடும் பல் பிளேட்டைப் பொறுத்தவரை, வாயே திறக்காதவனுக்கு அச்சு எடுப்பதே கஷ்டம், பிளாக்குக்குப் பிறகுதான் என் அச்சையே எடுத்தார்கள்.

யார் யாருக்கு இது கூடாது என்பதைக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாய் இறுகியதோடு காய்ச்சல், கழுத்திலோ நாக்குக்கு அடியிலோ வீக்கம், விழுங்க முடியாமை, குரல் மாற்றம், எச்சில் வடிதல் இருந்தால் அது பல்லிலிருந்து ஆழமாகப் பரவிய தொற்றாக இருக்கலாம், மூச்சே அடைபடும் ஆபத்து, அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும், வலி கிளினிக்குக்கு அல்ல. தொற்று உள்ள இடத்தின் வழியாக ஊசி குத்துவதும் தவறு. காயம் பட்டுச் சில நாட்களில் தாடை இறுகி, முகம் விறைத்து, கழுத்தும் முதுகும் பிடித்தால் ரண ஜன்னியாக இருக்கலாம், தடுப்பூசி விட்டுப்போனவர்கள் கவனம். வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு, மனநலத்துக்கான ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளுக்குப் பிறகு திடீரெனத் தாடை கோணிப் பிடிப்பதும் உண்டு. அதற்கு வேறு மருந்து இருக்கிறது, ஊசி போட்டுத் தசையைத் தளர்த்த வேண்டியதில்லை. காரணமே தெரியாமல் வாய் திறப்பு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போனாலோ, உதடு மரத்துப்போயிருந்தாலோ ஸ்கேன் பார்க்காமல் யாரும் ஊசியைத் தொடக்கூடாது, வாய்க்கும் தொண்டைக்கும் வரும் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும்.

நட்சத்திரம் கேட்டால், சிகிச்சைக்கு ஐந்தில் நாலு. ஒன்றைக் குறைத்தது, தசை பிடித்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பலன் என்பதாலும், தசைதானா என்று பார்க்காமலே போடுகிற இடங்கள் இருப்பதாலும். இரண்டாவது இடத்துக்கு ஐந்தும் கொடுப்பேன், காத்திருப்பு நீளம் என்பது ஒரு குறைதான், ஆனால் உள்ளே போன பிறகு அவசரப்படுத்தவில்லை. முதல் இடத்துக்கு இரண்டு, ஊசி சுத்தமாகப் போட்டார்கள் என்பதற்காக.

போகிறவர்கள் போனில் பேசும்போதே கேட்க வேண்டியவை: எந்தத் தசை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், முன்னும் பின்னும் அளப்பீர்களா, ஊசிக்கப்புறம் தாடைப் பயிற்சிக்கு ஆள் உண்டா அல்லது வீட்டில் போய்ச் செய்து கொள்ள வேண்டுமா, தாடை மூட்டைத் தனியாகச் சோதிப்பீர்களா. இதில் பயிற்சிக் கேள்விக்கு "அது உங்க இஷ்டம்" என்ற மாதிரி பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ஊசி போடும் நாளில் கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள், நீங்களே வண்டி ஓட்டித் திரும்ப வேண்டாம். இமை மூடாமல் போகும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் நடுவழியில் அது நடந்தால் ஒற்றைக் கண்ணோடு ஓட்ட வேண்டிவரும். பயிற்சிக் குச்சிகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே தேவைப்படும்.